ஒன்றரைப் பங்கு மூச்சு

வெண்குடியில் வேலைக்குக் கிளம்பும் எவரும் வாசல் குழாயில் ஒருமுறை ஊதிய பிறகுதான் கதவு திறக்கும். நிலவின் தென்துருவத்தில், பாறைக்கு அடியில், ஒன்பதாயிரம் பேர் வாழும் ஊர் அது. குழாயின் மறுமுனையில் இருக்கும் மூச்சுப்பதிவி ஊதியவர் யாரென்று கண்டுகொண்டு அன்றைய காற்றுப்பங்கை ஒதுக்கும். அன்று காலை மாதங்கி பல் துலக்கிய ஈரம் காயாமல் ஊதினாள்.

"விருந்தினர். நாற்பத்தொன்றாம் நாள்" என்றது பதிவி.

அவள் பிறந்தது அதே தெருவில், நான்கு கதவு தள்ளி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளைத் தூத்துக்குடிக்கு அனுப்பியது வெண்குடியின் பாசித்துறைதான். ஊர் சுவாசிக்கும் காற்றெல்லாம் பாசிக்கூடத்துத் தொட்டிகளில் வளரும் பாசியிலிருந்து வருவது. பாசிக்குப் பழுப்புநோய் கண்டிருந்தது. வைத்தியம் தெரிந்தவர்கள் பூமியில்தான் இருந்தார்கள். மாதங்கி போய்க் கற்றுக்கொண்டாள். அங்கே, அழிந்த பவளப்பாறைகளைக் கடலுக்கடியில் மறுபடி நட்டுவந்த முக்குளிப்பவர் ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அவர் பெயர் கஸ்பார். ஊர் திரும்பிய மறுநாளே அவரை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டாள்.

விண்ணப்பத்துக்கு அன்று மதியம்தான் பதில் கிடைத்தது. குடிவரவு அலுவலர் நாச்சியப்பன் ஐம்பது வயதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுபவர்.

"ரெண்டு சிக்கல் இருக்கும்மா. துணையைக் கூப்பிடுறவங்க இங்க உறைவாளரா, நிரந்தரக் குடியா இருக்கணும். ரெண்டு வருஷத்துக்கு மேல வெளிய மூச்சு விட்டா உறைவு போயிடும். நீங்க இப்ப விருந்தினர்."

"என்னை அனுப்பினதே நீங்கதானே சார்?"

"அனுப்பினது பாசித்துறை. இது குடிவரவுத் துறை. இனி மூணு வருஷம் தொடர்ந்து இங்க இருந்தாத்தான் உறைவு திரும்பக் கிடைக்கும்."

"ரெண்டாவது?"

அவர் கஸ்பாரின் மருத்துவ அறிக்கையைத் திரையில் திறந்தார். "கடல்ல முங்குறவர். நுரையீரல் பெருசு. அவருக்கு ஒன்றரைப் பங்கு காற்று வேணும். உங்களுக்கு உறைவு வந்தாலும் ஒரு பங்குக்குத்தான் நீங்க பொறுப்பேற்க முடியும்."

"அப்ப என்னதான் வழி?"

"மடிச்சுக்கலாம்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

நுரையீரலின் கீழ்ப்பகுதியை மடித்துத் தைத்துவிடும் சிகிச்சை அது. வெளியிலிருந்து வரும் கணவர்களும் மனைவிகளும் பலர் செய்துகொண்டதுதான். மடிப்புக்குச் சம்மதித்தால் மூன்று வருடக் காத்திருப்பையும் தள்ளுபடி செய்ய விதியில் இடமிருந்தது. ஆறு மாதத்தில் கஸ்பார் வந்துவிடலாம்.

மாலையில் கஸ்பாரை அழைத்துச் சொன்னாள். குரல் பூமிக்குப் போய்த் திரும்ப வேண்டியதால், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எப்போதும் மூன்று விநாடி கடக்கும்.

"பண்ணிக்கிடுதேன்," என்றார் கஸ்பார். "மூணு வருஷம் ஒத்தையில கெடக்கதுக்கு அது எவ்வளவோ மேல். அங்க வந்து நான் எங்க முங்கப் போறேன்? கடலே கெடயாதே."

அவரை முதன்முதலாகப் பார்த்த நாள் மாதங்கிக்கு நினைவு வந்தது. படகிலிருந்து குதித்த ஆள் நான்கு நிமிடமாகியும் மேலே வரவில்லை. செத்தே போய்விட்டாரென்று அவள் கத்திக்கொண்டிருந்தபோது, படகுக்கு மறுபக்கம் எழுந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"வேணாம்," என்றாள். "வெட்டி அளவுக்குத் தைக்கிறதுக்கு அது சட்டை இல்ல, உங்க உடம்பு. வந்தா முழுசா வாங்க. இல்லேன்னா நான் அங்க வந்துடறேன்."

மூன்று விநாடி கடந்தது. இன்னும் மூன்று கடந்தது.

"சரி," என்றார் கஸ்பார். "முழுசாவே வாரேன்."

மறுநாள் காலை மாதங்கி பாசிக்கூடத்துக்குப் போனாள், உள்ளே நுழையவில்லை. 'விருந்தினருக்கு அனுமதி இல்லை' என்று கதவில் எழுதியிருந்தது. திரும்பி வந்த நாளிலிருந்து அவளும் சரி, மற்றவர்களும் சரி, அதைப் படித்ததாகவே காட்டிக்கொண்டதில்லை. கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

கூடத்தின் தலைவி ராபியா வெளியே வந்தாள். "இங்க ஏன் உக்காந்திருக்க? மூணாம் தொட்டி பழுப்பாக ஆரம்பிச்சிடுச்சு, வா."

"விருந்தினர் உள்ள வரக்கூடாது ராபியாக்கா."

"இத்தனை நாள் வந்தியே."

"தப்பு பண்ணிட்டேன்."

"விளையாடாத மாதங்கி. ஊரே மூச்சு விடணும்."

"சேமிப்புல நாப்பது நாளைக்குக் காத்து இருக்கு. நான்தான் அளந்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் இந்த ஊர்க்காரியா இல்லையான்னு அவங்க ஒரே பதிலா சொல்லட்டும். தொட்டிக்கு ஒரு பதில், புருஷனுக்கு ஒரு பதில்னு ரெண்டு வேணாம்."

ராபியா உள்ளே போய், இரண்டு காலி டப்பாக்களோடு திரும்பி வந்தாள். ஒன்றைக் கவிழ்த்து மாதங்கியிடம் தள்ளினாள். இன்னொன்றில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவோம் என்று இரண்டாம் நாள் நிர்வாகத்தின் மிரட்டல் வந்தது. "ஏத்துங்க. அங்கதான் என் வீட்டுக்காரர் இருக்கார்," என்று பதில் அனுப்பினாள். மூன்றாம் நாள் அந்தத் தொட்டி முழுக்கப் பழுப்பாகிவிட்டது. கதவுக் கண்ணாடி வழியே அதைப் பார்க்க அவளால் முடியவில்லை; குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது தாயை வெளியே உட்காரவைத்தது போலிருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் நிர்வாகத்திடமிருந்து ஆணை வந்தது: 'உறைவாளர் மாதங்கி உடனடியாகக் கூடத்துக்குள் சென்று பணியைத் தொடர வேண்டும்.'

அவள் முதலில் கூடத்துக்குள் ஓடினாள். ஏழு மணி நேரம் மூன்றாம் தொட்டியை விட்டு நகரவில்லை. பிறகு, முழங்கை வரை பாசி அப்பியிருக்க, நாச்சியப்பன் முன்னால் போய் நின்றாள்.

"இதுல உறைவாளர்னு போட்டிருக்கு சார்."

அவர் இரண்டு முறை படித்தார். "போட்டிருக்கு. கையெழுத்தும் இருக்கு." லேசாகச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். "காற்றுக்கு என்ன செய்வீங்க?"

"பங்குன்னு விதியில எங்கயும் இல்ல. 'வருபவர் சுவாசிக்கப் போதுமான காற்றுக்கு வழி காட்ட வேண்டும்'னுதான் இருக்கு. நோய் வந்தப்ப மூடின ஏழாம் தொட்டி சும்மா கிடக்குது. ஓய்வு நேரத்துல நானே அதைத் திறந்து வளர்க்கிறேன். அவருக்கு வேண்டிய காத்து அதுலேர்ந்தே வரும்."

"இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"மடிச்சுக்கச் சொன்னீங்க. எல்லாரும் மடிச்சுக்கிட்டாங்க."

நாச்சியப்பன் விதிப்பக்கத்தைத் திறந்து அந்த வரியை வாசித்தார். கஸ்பாரின் விண்ணப்பத்தில் ஒப்புதல் பதித்தார். மாதங்கி நன்றி சொல்லித் திரும்பியபோது அவர் குரல் அவளை நிறுத்தியது.

"என் வீட்டுக்காரிக்கு மடிச்சோம்மா. பன்னெண்டு வருஷமாச்சு. தேவகோட்டையில அவ சிரிச்சா எதிர்வீட்டுக்குக் கேக்கும். இங்க பாதிச் சிரிப்புல நிறுத்தி மூச்சு வாங்குறா." மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "அப்பவும் விதி இதேதான். நானும் இதே நாற்காலியிலதான் இருந்தேன். கேக்கணும்னு தோணல."

"தையலைப் பிரிக்க முடியாதா சார்?"

"முடியும்ங்கறாங்க. கூடுதல் காற்றுக்கு வழி காட்டணும்."

"எட்டாம் தொட்டியும் மூடித்தான் கிடக்கு," என்றாள் மாதங்கி. "அழுக்கு சுரண்ட ஆள் வேணும். வியாழக்கிழமை எனக்கு லீவு."

வியாழனன்று அவர் மனைவி விசாலாட்சியோடு வந்தார். கையில் எட்டாம் தொட்டியைத் திறக்கும் ஆணை இருந்தது. அலுவல் நேரத்திலேயே, தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். தொட்டியின் ஏணி பதினெட்டுப் படி. விசாலாட்சி மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கணவர் கை கொடுக்க வந்தபோது வேண்டாமென்று தலையசைத்தாள். மேலே ஏறி, சுரண்டும் தகட்டை மாதங்கியின் கையிலிருந்து வாங்கி, பன்னிரண்டு வருடக் கோபத்தோடு முதல் இழுப்பு இழுத்தாள்.