சுவர் தாண்டிய ஸ்தோத்திரம்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஞானப்பூவின் வீடு இருந்தது. அங்கே தினமும் விளக்கு வைத்ததும் ஜெபம் நடக்கும். ஜெபத்தின் முடிவில் ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு அப்பா தேவசகாயம் ஒரு சட்டம் போட்டிருந்தார். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது.

ஞானப்பூ ஆட்டுக்குட்டிக்கு நன்றி சொல்லிவிட்டாள். மழைக்கும் சொன்னாள், மழை விட்டதற்கும் சொன்னாள். தம்பி தாவீதின் பல் விழுந்ததற்குக்கூடச் சொல்லியாயிற்று. இனி எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று பகலில்தான் பக்கத்து வீட்டு அழகம்மா அவளிடம் ஒரு ரகசியம் சொல்லியிருந்தாள். காலில் காயம் பட்டு அவள் அப்பா வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் ராத்திரி வீட்டில் எல்லோரும் சாப்பாடில்லாமல் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார்களாம்.

"யாருகிட்டயும் சொல்லிடாத. வெளிய தெரிஞ்சா அம்மாவுக்கு அவமானமாயிரும்" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

ஜெபத்தில் ஞானப்பூவின் முறை வந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"ஆண்டவரே, அழகம்மா வீட்டு ஆளுங்க மாதிரி வெறும் சாயத்தண்ணி குடிச்சிட்டுப் படுக்காம, எங்களுக்கு ரொட்டி தந்தீரே, ஸ்தோத்திரம். ஆமென்."

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்புவதில்லை. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறாயுசு' என்பார்கள். அழகம்மா வீட்டுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது.

அம்மா கண்ணைத் திறந்து ஞானப்பூவைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டோம் என்று மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா ஒரு தட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். போன தட்டு அப்படியே திரும்பி வந்தது. சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்களாம். ஞானப்பூவுக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அழகம்மா தனியாகவே பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் இருவரும் சேர்ந்து உட்காரும் வாங்குப் பலகையின் அடுத்த கோடியில் போய் உட்கார்ந்தாள். இடைவேளையில் ஞானப்பூ அவள் பக்கத்தில் போய், காதோடு காதாக மன்னிப்புக் கேட்டாள்.

அழகம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"நேத்து லயத்துக்கே கேக்குற மாதிரி சொன்ன. இன்னைக்கு மன்னிப்பு மட்டும் எனக்குத் தனியாவா?"

அழகம்மா கேட்டது நியாயந்தானே! வெட்கம் சாயங்காலம் வரைக்கும் ஞானப்பூவை விடவில்லை.

விளக்கு வைத்ததும் ஜெபம் தொடங்கியது. தன் முறை வந்தபோது ஞானப்பூ எழுந்து நின்றாள். சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"ஆண்டவரே!"

"அக்கா, ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்" என்று தாவீது கிசுகிசுத்தான். அப்பா அவன் தொடையைத் தட்டினார்.

"ஆண்டவரே, நேத்து நான் சொன்னது ஸ்தோத்திரமே இல்ல. அழகம்மா என்னை நம்பிச் சொன்னதை வெளிய சொல்லிட்டேன். லயத்துல எல்லாரும் அதைக் கேட்டாங்க. இதையும் கேக்கட்டும். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. என்னை மன்னியும். அழகம்மாவை எனக்குச் சிநேகிதியாத் தந்தீரே, அதுக்கு ஸ்தோத்திரம்."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போது சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது.

"ஆமென் சொல்லல நீ."

அது அழகம்மாவின் குரல். தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

"ஆமென்" என்றாள் ஞானப்பூ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அம்மா மறுபடியும் தட்டில் ரொட்டி எடுத்து வைத்தாள். இந்த முறை ஞானப்பூவே அதைக் கொண்டுபோனாள். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருந்தது.

அடுத்த நாள் ஜெபத்தில் ஞானப்பூ எதற்கு நன்றி சொல்வதென்று யோசிக்கவே இல்லை. அந்தக் காலித் தட்டுக்குத்தான் சொன்னாள். சத்தம் போடாமல், மனதுக்குள்ளேயே சொன்னாள்.