முதுநிலைத் தர எறும்பு

செவ்வாய்க் கிரகத்தில் தேனுக்கு முத்திரை வாங்க வேண்டுமென்றால் எறும்பிடம்தான் போக வேண்டும். அன்றும் ஜெபக்கனி மூன்று புட்டிகளோடு தர நிலையத்துக்கு வந்து, எறும்பு கண் விழிக்கக் காத்திருந்தாள்.

முருங்கைப்பூத் தேன், சூரியகாந்தித் தேன், கொத்தமல்லிப்பூத் தேன். மூன்றும் அவளுடைய காற்று அடைத்த கண்ணாடிக் கவிகைத் தோட்டத்துக்குள் விளைந்தவை. அந்தக் கிரகத்திலேயே தேனீ வளர்ப்பவள் அவள் ஒருத்திதான். இந்த வாரத்துக்குள் முத்திரை கிடைக்காவிட்டால் கவிகையைக் காளான் பண்ணைக்குக் கொடுத்துவிட்டு, நாற்பதாயிரம் தேனீக்களையும் வெளியே திறந்துவிடச் சொல்லி உத்தரவு. வெளியே பூவும் கிடையாது, காற்றும் கிடையாது.

முதலில் நாக்கி வந்தது. நாக்கி என்பது சுவைக்கும் ரோபோ. ஒரு சொட்டு நக்கினால் போதும், உள்ளே இருப்பதையெல்லாம் புட்டுப் புட்டு வைத்துவிடும்.

"ஈரப்பதம் பதினேழு சதவீதம். முருங்கை மகரந்தம் நிறைய. நொதிகள் உயிரோடு இருக்கின்றன. சுத்தமான தேன்" என்றது. மற்ற இரண்டுக்கும் அதே தீர்ப்புதான்.

தர அதிகாரி வேலப்பன் கொட்டாவி விட்டார். "அது கெடக்கட்டும்மா. எறும்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

குடியேறிய முன்னோர்கள் பூமியிலிருந்து சட்டப் புத்தகங்களைக் கொண்டுவரவில்லை, எடை அதிகம். கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட அறிவுரைகளைத்தான் கொண்டுவந்தார்கள். அவையே இங்கே சட்டமாகிவிட்டன. சுத்தமான தேனை எறும்பு தீண்டாது என்பது அதில் நான்காம் பிரிவு. அதற்காகவே ஓர் எறும்பைத் தனி விண்கலத்தில் வரவழைத்து, பதவியும் கொடுத்து வைத்திருந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டி திறந்தது. எறும்பு விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்து மூன்று சொட்டிலும் வாய் வைத்தது.

"போச்சு, மூணும் கலப்படம்" என்றார் வேலப்பன்.

"சார், எறும்புன்னா தேனைத் தின்னத்தான் சார் செய்யும்!"

"நீ எறும்பை விடப் படிச்சவளா?"

அடுத்து, தேன் என்ற பெயரில் சரக்கு அனுப்பும் பாகு ஆலையின் புட்டி. "மகரந்தம் பூஜ்யம். இது பூவையே பார்த்ததில்லை. வெறும் அரிசிப் பாகு" என்றது நாக்கி. எறும்போ அதன் பக்கம் திரும்பவே இல்லை. வயிறு புடைக்க ஒரு மூலையில் படுத்துக் கிடந்தது. வேலப்பன் பரவசத்தோடு முத்திரையைக் குத்தினார். "அசல் தேன்!"

ஜெபக்கனி அழத்தான் நினைத்தாள். ஆனால் அந்த உப்பிய வயிற்றைப் பார்த்ததும் அழுகைக்குப் பதில் ஒரு யோசனை வந்தது.

மறுநாள் மேல்முறையீட்டுக்கு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "சார், ஆலைக்காரங்க பெரியவங்க. அவங்களுது முதல்ல போகட்டும். நான் கடைசியா வர்றேன்."

அவளுடைய பணிவு வேலப்பனுக்குப் பிடித்துப்போனது. ஆலையின் புதுப் புட்டி முதலில் போனது. எறும்பு பாகைக் குடித்துக் குடித்து மல்லாந்துவிட்டது; அந்தப் புட்டியைக் கலப்படம் என்று ஒதுக்கினார்கள். பிறகு ஜெபக்கனியின் மூன்று சொட்டுகளையும் வைத்தார்கள். எறும்பு ஒரு காலைக்கூட அசைக்கவில்லை.

"பாத்தியாம்மா, நேத்துக்கும் இன்னைக்கும் எவ்வளவு வித்தியாசம்! திருந்திட்டே!" என்று வேலப்பன் மூன்று புட்டிகளிலும் ஓங்கி ஓங்கி முத்திரை குத்தினார். நாற்பதாயிரம் உயிர் பிழைத்தது. நாக்கி மட்டும் பழுது பார்க்கும் அறைக்குப் போக அனுமதி கேட்டது.

அன்று மாலையே கவிகை வாசலில் முதல் வாடிக்கையாளர் வந்து நின்றார். வேலப்பனேதான்.

"பேத்திக்கு இருமல். முருங்கைத் தேன் ஒரு புட்டி கொடு."

ஜெபக்கனி நாக்கியின் அறிக்கையையும் அவர் குத்திய முத்திரையையும் காட்டி, புட்டியைப் பெருமையோடு நீட்டினாள். வேலப்பன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முத்திரை கெடக்குது, அது நான் போட்டதுதானே. குடிக்கிறது வீட்டுப் பிள்ளையாச்சே. ஒரு டம்ளர் தண்ணி கொண்டாம்மா, ஒரு சொட்டு விட்டுப் பாத்துடலாம்."