உமி தேய்க்காத கை

குழந்தையின் உச்சந்தலையை இமாஸ் முகர்ந்து பார்த்தது அது நான்காவது முறை. பெற்றவள் முகர்வதில் என்ன அதிசயம் என்று அவள் புருஷன் எங்குஸ் முதலில் விட்டுவிட்டான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் முகம் சட்டென்று பின்வாங்கியது.

"காங்" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "புள்ளயத் தூக்கினது யாரு?"

"நான்தான், நேங்" என்றான், அவளைச் செல்லமாக அழைத்து. "அழுதுச்சு. நீ அசந்து தூங்கிட்டிருந்த."

"வேற வாசன அடிக்குது."

பிள்ளை பிறந்து ஒன்பது நாள். இந்த ஒன்பது நாளில் இருவருக்கும் சேர்த்து ஓர் இரவுத் தூக்கம்கூடத் தேறவில்லை. போகோர் ஊரின் மழை காலையிலிருந்தே ஓட்டின்மேல் விடாமல் பெய்துகொண்டிருந்தது, ஈரச் சுவரின் வாடையும் பால் வாடையும் கலந்து அறையை அடைத்திருந்தன. வாக்குவாதம் செய்ய எங்குஸுக்குத் தெம்பில்லை. "பால் குடு, தூங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் பின்புறக் கொட்டகைக்கு நடந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது.

கொட்டகையில்தான் அவனுடைய வெள்ளெலிகள். சிமெண்டு குழைக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளில் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, மேலே கம்பி வலையை இழுத்துக் கட்டி, தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகச் செருகி, எல்லாக் கூண்டும் அவன் கையாலேயே செய்தது. மலைப்பாம்பு வளர்க்கும் பைத்தியங்களில் பாதிப்பேர் தீனிக்கு இங்கேதான் வருவார்கள். இன்று மத்தியானம் வந்த யாயாட், பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டே வந்துவிட்டான்.

"கொஞ்சம் புடிடா. புள்ளயத் தூக்குற கைதானே, இதையும் தூக்கு" என்று அதை எங்குஸின் கைகளில் சுற்றிவிட்டு, சாவகாசமாக எலி பொறுக்கினான். பிறகு பாம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் எங்குஸ், வலை அரிபட்டுப்போன ஒரு கூண்டிலிருந்து தாயையும் ஏழு குஞ்சுகளையும் புதுக்கூண்டுக்கு மாற்றினான். கடைசிக் குஞ்சை வைக்கும்போது உள்ளே பிள்ளை அழுதது. அப்படியே ஓடிப்போய்த் தூக்கினான்.

இப்போது மற்றக் கூண்டுகளில் கம்பியைக் கடிக்கும் கரகரப்பு. புதுக்கூண்டில் மட்டும் சத்தமே இல்லை. வலையைத் தூக்கினான். தாய் எலி நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அடியில் பரப்பிய உமியில் சிவப்பாக ஒன்றிரண்டு பொட்டு. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

எலி வளர்க்கிறவன் குஞ்சைத் தொடுமுன் அந்தக் கூண்டின் உமியையே கையில் தேய்த்துக்கொள்வான். வேற்று வாசனை ஒட்டினால், அதிலும் பாம்பு வாசனை ஒட்டினால், பெற்றதே தின்றுவிடும். மூன்று வருடமாக மறக்காததைத் தூக்கக் கலக்கத்தில் மறந்துவிட்டான். தன்மேலேயே வெறுப்பாக வந்தது. கையை மூக்கருகே கொண்டுபோனான். இன்னும் பாம்பு.

இந்தக் கையால்தான் பிள்ளையை.

சீ, என்று தலையை உதறினான். அவள் மனுஷி. தூங்காத மண்டை எதைத்தான் நினைக்காது!

உள்ளே துணி கிழிந்தது. நீளமாக.

மறுபடியும்.

"நேங்?"

பிள்ளை வீறிட்டது. பாதியில் நின்றது.

ஓடினான். கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தான். "இமாஸ்! கதவத் தெற! அவன் நம்ம புள்ளதான்! அது என் கை வாசன!"

மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

மெத்தை வயிறு கிழிந்து கிடந்தது. அறையெங்கும் இலவம்பஞ்சு மிதந்தது. மூலையில் பஞ்சும் கைலிக் கந்தலும் வட்டமாகக் குவிந்திருக்க, அதன் நடுவில் இமாஸ் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். பாயில் பிள்ளை இல்லை.

"இமாஸ். புள்ள எங்க?"

அவள் திரும்பினாள். இரண்டு கைகளையும் குவித்து, நக்கி நக்கி, காதிலிருந்து வாய்வரைக்கும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாக. மிகச் சுத்தமாக.