வெளிச்சத்துக்கு முதுகு

அன்று காலை தக்காளி நாற்றுகள் எல்லாம் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

ஜன்னலே இல்லாத அந்த உள்ளறையில் வெளிச்சம் என்றால், தட்டுகளுக்கு நாலு விரல் மேலே தொங்கிய குழல்விளக்குகள்தான். விளக்கு உச்சியில் எரியும்போது நாற்று நேராகத்தான் நிற்க வேண்டும். ஏழு வருடமாக அங்கே நாற்று வளர்த்துத் தோட்டக்கடைகளுக்குக் கொடுத்து வருபவள் அவள். விளக்கை உயர்த்தினால் தண்டு நூலாக நீளும், தண்ணீர் கூடினால் அடித்தண்டு அழுகும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வெளிச்சத்துக்கு முதுகு காட்டும் நாற்றை அவள் பார்த்ததில்லை.

தட்டுகளைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். மறுபடியும் சாய்ந்திருந்தன, இந்த முறை அறையின் நடுவை நோக்கி. மூன்று பக்க அலமாரிகளிலிருந்தும் நானூறு நாற்றுகள், கழுத்தை வளைத்து, வெறுந்தரையாகக் கிடந்த ஓரிடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

தண்டு உறுதிப்படுவதற்காக எந்நேரமும் மெல்ல ஓடும் மின்விசிறி எதிர்மூலையில் முனகிக்கொண்டிருந்தது. அதன் காற்றில் ஈரமண் வாசனையும் தக்காளி இலையின் காரநெடியும் கலந்து வந்தன, எல்லாத் தட்டுகளிலும் இலைகள் ஓயாமல் நடுங்கின, ஒரு துண்டு இடத்தில் மட்டும் ஓர் இலைகூட அசையவில்லை. ஓர் ஆள் அகலம். விசிறிக்கு எதிரே யாரோ மறைத்துக்கொண்டு நிற்பதுபோல.

கையை நீட்டினாள். உள்ளங்கையில் காற்று பட்டது. இன்னும் ஒரு சாண். காற்று நின்றது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

தம்பியைக் கூப்பிட்டாள். அம்மா போனபின் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன், இப்போது எலக்ட்ரீஷியன். பதினொரு மணிக்குப் பெட்டியும் கையுமாக வந்து, குழல்களைக் கழற்றிப் பார்த்தான், டைமரைத் தட்டிப் பார்த்தான், ஒரு குறையும் இல்லை என்றான். பிறகு அறையின் நடுவில் போய் நின்றுகொண்டு நாலாபுறமும் பார்த்தான்.

"என்னக்கா, எல்லாத்துக்கும் கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

அங்கே நிற்காதே என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சிரிப்பான் என்று விட்டுவிட்டாள். பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்கிறேன் என்று, நாலு நாற்று இருந்த ஒரு கப்பை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினான்.

காரின் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் அவள் உள்ளே போனாள். எல்லா நாற்றுகளும் நிமிர்ந்து நின்றன. மீதி அத்தனையும். விசிறிக் காற்று எல்லா இலைகளையும் ஒன்றுபோல அசைத்தது. அப்பாடா என்று முக்காலியில் உட்கார்ந்தாள்.

பிறகுதான் உறைத்தது. இங்கே இருந்தது இப்போது இங்கே இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவன் ஒருவன்தான்.

போனை எடுத்தாள். வீடியோவில் அவன் முகம் வந்தது.

"எங்கடா இருக்க?"

"கடை வாசல்லதான். பூட்டியிருக்கு, ஆளு இப்ப வந்துடுவாருன்னு உக்காந்திருக்கேன்."

"அந்தக் கப்பைக் காட்டு."

காட்டினான். ஸ்டியரிங்குக்கு மேலே, டாஷ்போர்டில் வைத்திருந்தான். முன்கண்ணாடி வழியாக நடுப்பகல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. நாலு நாற்றும் வெயிலுக்கு முதுகைக் காட்டி, அவன் தோளுக்கு மேலாகப் பின்சீட்டை நோக்கி வளைந்திருந்தன.

"வண்டியில கூட யாருடா?"

"யாருமில்லையே. நான் மட்டும்தான்."

"இறங்கு."

"ஏன்க்கா?"

"கேள்வி கேக்காத. இறங்குடா."

அவன் சிரித்தான். போனை மடியில் சாய்த்து வைத்துவிட்டு சீட் பெல்ட்டின் கொக்கியைத் தேடினான். அது சிக்கிக்கொண்டது. கீழிருந்து பார்க்க, அவன் தாடையும் கழுத்தும் கப்பும் மட்டும் தெரிந்தன.

நாற்றுகள் அசைந்தன.

பின்சீட்டிலிருந்து மெல்லத் திரும்பின. முன்னால். இன்னும் கொஞ்சம் முன்னால். நாலும் சேர்ந்து.

அவன் கழுத்தைப் பார்த்து நின்றன.