நடுச்சந்தியில் நின்ற மினிவேன்

காலை 8.10. நாற்சந்தி நடுவே அந்தப் பழைய மினிவேன் பொசுக்கென்று அணைந்தது. பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியது. வேனை வாடகைக்கு ஓட்டும் அக்காவை நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

9.30. வேனை இழுத்து வந்து நிறுத்தியிருந்த போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள்தான் அந்த வேனுக்கு த்ராட்டில் சென்சார் மாற்றியிருந்தான். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று இன்ஜினுக்குச் சொல்லும் சாமான் அது. தேய்ந்துபோனால் ஓடுகிற வண்டி அணைந்துவிடும்.

"புதுசு போட்டேன்னு ஏமாத்திட்டான் மேடம்!" அக்காவின் கொழுந்தன் எகிறினான். "இந்த ஓட்டை வண்டிய வித்துத் தொலைங்கன்னு அண்ணிகிட்ட எவ்வளவோ அடிச்சுக்கிட்டேன்."

"கழட்டுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா.

இரண்டே ஸ்க்ரூ. மெக்கானிக் கழட்டி எடுத்தான். வெளியே வந்தது பழைய சென்சார். அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய பெருக்கல் குறி.

அவன் போட்ட குறிதான். நேற்று மூன்று வண்டி வேலை. அவசரத்தில் பழையதையே திரும்ப மாட்டிவிட்டேனா? அவனுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"யார் கீறினது?"

"நான்தான் மேடம். கழட்டின சாமான யாரும் புதுசுன்னு வித்துடக் கூடாதில்ல?"

"எப்போ கீறுவீங்க?"

"கையில குடுக்கும்போதுதான். நேத்து சாயங்காலம் ஆறரைக்கு இவர் எடுக்க வந்தப்ப வண்டி ஸ்டார்ட்ல இருந்துச்சு. பழசுல கீறி, டப்பாவுல போட்டு இவர்கிட்ட நீட்டினேன். போன் பேசிக்கிட்டே வாங்கிக்கிட்டார்."

இன்ஸ்பெக்டர் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "டப்பா எங்க?"

"வீட்டுக்குப் போனதும் குப்பையில போட்டுட்டேன். பிரிச்சே பாக்கல."

"சாவி?"

"காலையில அண்ணி கேக்கற வரைக்கும் எங்கிட்டதான்."

"இன்ஜின் ஓடிக்கிட்டிருந்தப்ப இது உங்க கையில இருந்துச்சு. அப்போ உள்ள இருந்தது புதுசு. கீறல் விழுந்த அப்புறம்தான் இது மறுபடி உள்ள போயிருக்கு. டப்பாவும் உங்ககிட்ட, சாவியும் உங்ககிட்ட. போன்ல மும்முரமா இருந்தீங்க, கீறினத கவனிக்கல."

கொழுந்தன் முகம் செத்துப்போனது. "தெருமுனையிலயே நின்னுடும்னு நெனச்சேன் மேடம். ரெண்டு தடவ நின்னா அண்ணி பயந்து வித்துடுவாங்கன்னுதான்..."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். பழி நீங்கியும் பயம் நீங்கவில்லை. "அக்காவுக்கு எப்படி இருக்கு மேடம்?"

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கண்ணு முழிச்சாச்சாம். வண்டி எப்போ ரெடியாகும்னு கேக்கறாங்களாம்."