வீட்டுக்காரர் நம்பர்

முதல் சொட்டு ரத்தம் அவனுடைய வெள்ளை ஷூவின் மேல் விழுந்தது.

"ஐயோ... சாரி டாக்டர்!"

"பரவாயில்ல, ஷூவுக்கு வலிக்காது. கையை மேல தூக்குங்க. அப்புறம்... நான் டாக்டர் இல்லீங்க, நர்ஸ்."

போச்சு... வந்ததும் உளறியாச்சு. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, சமையலறைத் துண்டைச் சுற்றிய இடது கையைத் தூக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மாலை. வெளியே மழை சோவென்று கொட்டியது. ஆஸ்பத்திரியின் முன்கதவைச் சாத்திவிட்டார்கள். பக்கவாட்டில் இருந்த அவசரப் பிரிவில் மட்டும் விளக்கு எரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருமலும் காய்ச்சலுமாகப் பத்துப் பேர்.

அவன் சிரித்தான். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டுமே தெரிந்தன... அதுவே போதுமாக இருந்தது.

"எப்படி வெட்டிச்சு?"

"மீன் டின்னு... மூடி."

தட்டில் கூடப் போடாமல் டின்னிலிருந்தே சாப்பிட உட்கார்ந்ததை அவள் சொல்லவில்லை.

"கூட யார் வந்திருக்காங்க?"

"யாருமில்ல."

"சரி, அவசரம்னா யாருக்கு போன் பண்றது?"

ஊர் மாறி வந்து ஏழு மாதம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. 'என்னைப் பார்த்துக்க எனக்குத் தெரியும்' என்று அப்பாவிடம் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தவள், இப்போது அவரையா கூப்பிடுவாள்? ஆபீஸை விட்டால் அவளிடம் இருந்த உள்ளூர் நம்பர் ஒன்றே ஒன்றுதான்... மாடியில் இருக்கும் வீட்டு ஓனருடையது.

"வீட்டுக்காரர்," என்று நம்பரைச் சொன்னாள்.

பேனா ஒரு கணம் நின்றது. "ஓ..." என்றான். கண்களில் இருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது.

அவன் என்ன நினைத்துக்கொண்டான் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. நாள் முழுக்க அடுத்தவர் பிழையைத் திருத்துகிறவள், இதை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டாள். என்னவென்று சொல்வது? புருஷன் இல்லீங்க, ஓனர்... இந்த ஊரில் அவரை விட்டால் எனக்கு ஆளில்லை என்றா? வெட்கக்கேடு!

டாக்டர் வந்து ஐந்து தையல் போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்க்க ஓடினார். கட்டுப் போட அவன் வந்தான்.

"மயக்கம் வர்ற மாதிரி இருக்குன்னீங்களாமே. தனியா அனுப்ப முடியாது. உங்க வீட்டுக்காரர வரச் சொல்றேன்."

"வேணாம்! அவரு... பிசியா இருப்பாரு."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அப்படி என்ன பிசி?"

குரலில் சூடு. மேஜைப் போனில் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு துணியைச் சுற்றத் தொடங்கினான். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க மனைவி கைய வெட்டிக்கிட்டு அஞ்சு தையலோட உக்காந்திருக்காங்க. இந்த மழையில தனியா விட்டிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா? ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லக்கூட ஆளில்லாம..."

"என் மனைவியா?" அறுபது வயதுக் குரல் திணறியது. "அவ இங்க டிவி பாத்துட்டு இருக்காளே தம்பி!"

"எந்த மனைவி?" பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சீறியது. "இந்த வயசுல இது வேறயா? குடுங்க அந்த போனை!"

இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஆன்ட்டி... நான்தான், கீழ் வீட்டுப் பொண்ணு." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. அங்கிள் மேல ஒரு தப்பும் இல்ல."

"அடக் கடவுளே, நீயா கண்ணு? இரு, இதோ வர்றோம்!"

போன் ஓய்ந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"வீட்டுக்காரர்னா... ஓனரா?" அவன் முகக்கவசத்தை இறக்கினான். முகம் சுண்டிப்போயிருந்தது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"கூப்பிட வேற ஆளில்லன்னு எப்படிங்க சொல்றது? நான் வெளியில உக்காந்துக்கறேன்."

விருட்டென்று எழுந்தாள்.

"நில்லுங்க... உங்களவிட எனக்குத்தான் வெக்கமா இருக்கு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "தினம் நாலு வீட்டுக்கு போன் பண்றேன். யாரையும் இப்படித் திட்டினதில்ல. நீங்க 'வீட்டுக்காரர்'னு சொன்னதுலேர்ந்தே எரிச்சல்... முகம் தெரியாத மனுஷன் மேல பொறாமை. காயத்தோட வந்தவங்களப் பாத்து அப்படி நினைச்சது தப்பு. மன்னிச்சிடுங்க. தையல் பிரிக்கப் பகல் கிளினிக்குக்குத்தான் போகணும். அங்க நான் இருக்க மாட்டேன்... நிம்மதியா போங்க."

அவள் போகவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். அவர் போனை எடுக்கறதுக்கு முன்னாடியே நான் உண்மையச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு..."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க எனக்காகக் கோவப்பட்டீங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதக் கேக்க ஆசையா இருந்துச்சு. எனக்காக ஒருத்தர் சண்டை போட்டு எவ்ளோ நாளாச்சு... இன்னும் கொஞ்சம் திட்டட்டுமேன்னுதான் பேசாம இருந்துட்டேன்."