மேலக் கிணற்று ஆட்டுக்குட்டி

ஓவர்லோ கிராமத்தில் காலைத் தேநீர் நேரத்தில் குற்றம் நடப்பதில்லை, அது ஊர்க் கட்டுப்பாடு. ஆகவே குளக்கரை பெஞ்சில் வாத்துகளைப் பார்த்தபடி குவளையை ஊதிக்கொண்டிருந்த ஹெஸ்டர் டன்னிகிளிஃப், வினிஃப்ரெட் கெல் ஓடி வருவதைக் கண்டதும் விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டார். கடை திறந்திருக்கும்போது ஓடுகிற வழக்கம் அந்தத் தேநீர்க்கடைக்காரிக்குக் கிடையாது. அவள் கக்கத்தில் பிக்கிள் என்ற வெள்ளையும் பழுப்புமான நாய் தொங்கியது. அது மட்டும் காற்று வாங்க வந்ததுபோல் இருந்தது.

"ஹெஸ்டர் அக்கா, இவன ஊரவிட்டு அனுப்பச் சொல்றாங்க!"

"என்ன பண்ணான்?"

"மேலக் கிணத்துப் பலகையில ஆட்டுக்குட்டி மூஞ்சியப் பிச்சுப் போட்டானாம். தலைவர் ஃபர்னிஸ் சொல்றாரு. மத்தியானம் கிணத்துக்கு ஆசீர்வாதம் ஆகுறதுக்குள்ள இவன் ஷெஃபீல்டுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடணுமாம். அப்புறம் திரும்பவே கூடாதாம். அவ பூனை வளக்குறாக்கா!"

பெஞ்சின் மறுமுனையில் இருந்த பாதிரியார் கைல்ஸ் லோமாஸ் துள்ளி எழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் அவரிடம் காணாத உற்சாகம் அது. "சதி! கீழக் கிணத்துக்காரங்க வேலை!"

"உக்காருங்க பாதிரியாரே. குடிச்சிட்டுப் போவோம்," என்றார் ஹெஸ்டர். பல காலம் பஸ்களில் டிக்கெட் பரிசோதித்தவர். அவசரப்படுகிறவரிடம்தான் டிக்கெட் இருக்காது என்பது அவர் அனுபவம்.

ஒவ்வொரு கோடையிலும் ஓவர்லோ தன் கிணறுகளுக்கு நன்றி சொல்லும். பலகையில் ஈரக் களிமண் அப்பி, பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் செய்து, கிணற்றடியில் நிமிர்த்தி வைக்கும். அதைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். ஒருகாலத்தில் குற்றவாளிகளைப் பூட்டிவைத்த பழைய தொழுமரத்தில் காலை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். தேவாலயத்தின் சாய்ந்த கோபுரத்தைத் தாங்குவதுபோல் கை நீட்டுவார்கள். வினிஃப்ரெட்டின் ஸ்கோன் ரொட்டியைக் கடித்ததும் பேச்சை நிறுத்துவார்கள். எல்லார் வீட்டிலும் குழாய் வந்த பிறகும் கிணற்றிடம் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்ளும் ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருடப் படம், மேய்ப்பன் தோளில் ஆட்டுக்குட்டி. அவர்கள் போய்ப் பார்த்தபோது, இரவு பெய்த மழையிலும் மேய்ப்பனின் அங்கி கலையாமல் பளபளத்தது. ஆட்டுக்குட்டியின் முகம் மட்டும், ஒரு காது நீங்கலாக, தரையில் களிமண்ணோடு கிடந்தது. அதன்மேல் நாயின் காலடிகள்.

"பாருங்க, கையெழுத்தே போட்டிருக்கான்," என்றார் பூக்குழுத் தலைவர் கிளெமென்ட் ஃபர்னிஸ்.

"காலடி இதழுக்கு மேல இருக்கு தலைவரே. விழுந்ததுக்கு அப்புறம்தான் மிதிச்சிருக்கான். இவன் எம்பினாலும் மேய்ப்பனோட செருப்புதான் எட்டும்," என்றார் ஹெஸ்டர்.

"அப்ப வேற எவனோ பிச்சிருக்கான்!" என்று பாதிரியார் மகிழ்ந்தார்.

ஹெஸ்டர் தன் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேநீரை மேய்ப்பனின் அங்கிமேல் ஊற்றினார். ஓட்டுக் கூரையில் மழைபோல் அது வழிந்து கீழே சொட்டியது. பிறகு தப்பித்திருந்த அந்த ஒற்றைக் காதின்மேல் ஊற்றினார். தேநீர் உள்ளே போனது. வெளியே வரவில்லை. விழுந்த களிமண்ணிலிருந்து எதையோ கிள்ளி முகர்ந்தார்.

"இஞ்சி பிஸ்கட்டு. எல்லாரையும் ஊர் மண்டபத்துக்கு வரச் சொல்லுங்க."

பலகையைப் படுக்கப்போட்டு வேலை செய்த நீள மேசையைச் சுற்றிக் குழு கூடியது. மேசையின் ஒரு முனையில் பெரிய தேநீர்ப் பாத்திரம். அதனருகே மெத்தை போட்ட ஒரு நாற்காலி.

"ஆட்டுக்குட்டி முகம் யாரு செஞ்சது?"

"நான்தான்!" என்றார் ஃபர்னிஸ். "எப்பவும் நடு முகம் என்னுது. கீழ் வரிசையில ஆரம்பிச்சு மேல போவேன். மேல் இதழ் கீழ் இதழ மூடும், தண்ணி உள்ள போகாது. எனக்கு நீங்க சொல்லித்தர வேணாம்."

"சொல்லித்தரல. எங்க உக்காந்து செஞ்சீங்க?"

"என் நாற்காலியில. வேற யாரும் அதுல உக்கார மாட்டாங்க."

"நான் ஒரு தடவ உக்காந்தேன்," என்றார் பாதிரியார். "எல்லாரும் இருமுனாங்க."

"அந்த நாற்காலி வருஷா வருஷம் மேசையோட அந்தக் கோடியிலதான இருக்கும்?" என்று ஹெஸ்டர் மறுமுனையைக் காட்டினார்.

வினிஃப்ரெட்டின் முகம் சிவந்தது. "அங்க பிளக் கெட்டுப்போச்சுக்கா. தேநீர்ப் பாத்திரத்த நான்தான் இந்த முனைக்கு மாத்துனேன். தலைவர் நாற்காலியும் கூடவே வந்துடுச்சு."

"பலகை வரல," என்றார் ஹெஸ்டர். "பிஸ்கட்டும் டீயுமா தலைவர் இந்தப் பக்கம் உக்காந்து, தனக்குக் கிட்ட இருக்குறதுதான் கீழ் வரிசைன்னு ஆரம்பிச்சாரு. அது படத்தோட மேல் வரிசை. நிமித்தி வச்சதும் ஒவ்வொரு இதழும் மழைய ஏந்திக் குடிச்சுது. களிமண்ணு ஊறிச்சு, கனத்துச்சு, விழுந்துச்சு. பிக்கிள் பிஸ்கட் வாசனைக்கு வந்து துக்கம் விசாரிச்சிருக்கான்."

"ஆனா அவருக்கு ஆட்டுக்குட்டி தலைகீழாத் தெரிஞ்சிருக்குமே?" என்றார் பாதிரியார்.

ஃபர்னிஸ் நாற்காலி மெத்தையிலிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார். "தெரிஞ்சுது. ஏதோ இடிக்குதேன்னுகூட நெனச்சேன். எழுந்து அந்தப் பக்கம் போனா டீ ஆறிடுமேன்னு..."

மண்டபம் முழுவதும் புரிந்துகொண்டு தலையசைத்தது. அந்தக் காரணத்தில் எவருக்கும் குறை தென்படவில்லை.

ஃபர்னிஸ் குனிந்து, தரையில் பிக்கிளுக்காக ஓர் இஞ்சி பிஸ்கட்டை வைத்தார். "தப்பு என்னுதுதான்பா. நீ எங்கயும் போக வேணாம்."

வினிஃப்ரெட் நாயைத் தரையில் இறக்கிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பலகையை இறக்கிக் கொண்டுவந்தார்கள். எட்டிய கையெல்லாம் இதழ் ஒட்டியது, கீழிருந்து மேலாக. வெள்ளை இதழ் தீர்ந்தபோது கையில் கிடைத்த பழுப்பு இதழைச் சேர்த்தார்கள். கண்களை வினிஃப்ரெட் வைத்தாள். ஃபர்னிஸ் நின்றபடியே வேலை செய்தார். அவர் தேநீர் ஆறிப்போனது. ஊர் அதைத் தியாகமாகவே எடுத்துக்கொண்டது.

ஆசீர்வாதம் குறித்த நேரத்தில் முடிந்தது. முதல் பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாள் ஒருத்தி பலகையின் முன் நின்று கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"எவ்வளவு அழகு! மேய்ப்பன் தோள்ல நாயி. அந்தக் கண்ணப் பாருங்களேன். அது பேரு என்னங்க?"

ஃபர்னிஸ் ஆட்டுக்குட்டியைப் பார்த்தார். தேநீர்க்கடை வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நாயைப் பார்த்தார்.

"பிக்கிள்," என்றார்.